கூடத்துக் கம்பி

பிப்ரவரி 3

என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகு வலி குறைந்ததா, மலைக் காற்றில் கூடிவிட்டதா?

உங்கள் முதல் கடிதம் வந்தது. பாதி வந்தது என்று சொன்னால்தான் சரி. மீதியைத் தணிக்கைக்காரர் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டார். "நான் நலம், இங்கே நாங்கள்" என்பதற்கு அப்புறம் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குக் கீழே "ஆகவே கவலைப்படாதே" என்று முடித்திருக்கிறீர்கள். எதற்குக் கவலைப்படக் கூடாது என்பது ஓட்டையோடு போய்விட்டது. சின்னவன் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா தெரியலையேம்மா" என்கிறான். அதனால் நான் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று மாத ரோடு வேலை என்று சொல்லித்தானே உங்களை லாரியில் ஏற்றினார்கள்? கம்பி கட்டுகிற மேஸ்திரிக்கு ரோட்டில் என்ன வேலை என்று அன்றைக்கே கேட்டேன். "உன் வாய் சும்மா இருக்காதா?" என்றீர்கள். இப்போது சொல்லுங்கள்.

அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் எங்கள் குடித்தனம். ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், அதற்கு நடுவே பிள்ளைகள். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி செய்கிறாள். நேற்று மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே, "உங்க வீட்டுக்குக் கூரை எப்பதான் போடப் போறாங்களோ" என்று குழாயிடம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போய் நம் வீட்டைப் பார்த்தேன். நாலு சுவரும் நல்லபடி நிற்கின்றன. கூடத்துக் கூரைக்கு நீங்கள் அளந்து வெட்டி, இரண்டு பக்கமும் வளைத்து, முனையில் பச்சை பெயின்ட் அடித்து அடுக்கிய கம்பிகள் அப்படியே இருக்கின்றன. பனியில் துருப்பிடிக்காமல் சாக்கு போட்டு மூடிவிட்டு வந்தேன். ஊரில் எத்தனை மேஸ்திரி இருந்தாலும் பச்சை முனை என்றால் உங்கள் கம்பி என்று பீற்றிக்கொள்வீர்களே, அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். தணிக்கை ஐயா, இந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 27

என் வாயாடிக்கு,

நான் சுகம். முதுகு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது, மற்றபடி சுகம். மெஷின் ஊசி குத்தின உன் விரல் எப்படி, மூத்தவளுக்கு இருமல் விட்டதா?

இந்தக் கடிதத்தைக் கழுதைக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் சாமானையெல்லாம் மலையேற்றுகிறவர் இவர்தான். தீவனம் வாங்க நம் ஊர்ச் சந்தைக்கு எப்போதாவது வருவார். உன் பதிலையும் அவரிடமே கொடு. இனி கத்தரிக்கு வேலை இல்லை.

ஓட்டையில் போனது இதுதான். நாங்கள் ரோடு போடவில்லை. ஒரு மொட்டை மலையின் உச்சியில் பீரங்கிக்கு வீடு கட்டுகிறோம். சுற்றிலும் ஆள் குனிந்து ஓடப் பதுங்குகுழி. பாறையை வெடி வைத்துப் பிளந்து, உள்ளே கான்கிரீட் அறை எழுப்பி, மேலே மண்ணும் புல்லும் போட்டு மூடிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு ஒரு வீக்கம் வந்த மாதிரி இருக்க வேண்டுமாம்.

உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சிமென்ட், ஜல்லி, மணல், தண்ணீர் எல்லாம் பாதி மலை வரை கழுதை முதுகில் வரும். அதற்கு மேல் கழுதை வராது, அதற்கு மூளை இருக்கிறது. நாங்கள்தான் தலையில் சுமந்து ஏறுகிறோம். தகரத்தில் தண்ணீர் கொண்டுபோனால் கால்வாசித் தண்ணீர் சட்டையில்தான் போகிறது. கான்கிரீட்டுக்குக் கொடுத்தது போக மீந்ததுதான் குடிக்க.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேப்டன். இளம் ஆள், கையில் வரைபடம், வாயில் ஒரே வார்த்தை: "மாத்து." பீரங்கி நீட்டுகிற திறப்பை வடக்குப் பார்த்து வைத்தோம். "மாத்து, மேற்கு" என்றார். இடித்து மேற்கில் வைத்தோம். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, எதிரி வடக்கிலிருந்துதானே வருவான் என்றார். "மாத்து." நாங்கள் அவருக்கு மாத்துக் கேப்டன் என்றே பெயர் வைத்துவிட்டோம். சிரிக்கத் தெம்பு இருக்கும்போது சிரிக்கிறோம்.

மூன்று மாதம் என்று யார் சொன்னது என்று கேட்டால், யாரும் சொன்னதாகத் தெரியவில்லை என்கிறார்கள். வயிறு எரிகிறது. ஆனாலும் மழைக்கு முன்னால் வந்துவிடுவேன். கம்பியை நனையாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மேஸ்திரி


மார்ச் 24

என் வீட்டுக்காரருக்கு,

எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு இருமல் விட்டது. நீங்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று படித்ததிலிருந்து நான் டம்ளரைத் தொட்டாலே கோபம் வருகிறது.

எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. நம் கடைத்தெரு சினிமாக் கொட்டகையை மணல் மூட்டைப் பை தைக்கிற இடமாக ஆக்கிவிட்டார்கள். நாற்காலியெல்லாம் போய்விட்டது, திரை மட்டும் இன்னும் தொங்குகிறது. அதைப் பார்த்து உட்கார்ந்து சாக்குத் தைக்கிறோம். நூல் தூசி மூக்கிலும் தொண்டையிலும் போய், சாயங்காலம் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறோம். மேற்பார்வைக்காரம்மா ஒவ்வொரு பையையும் முழங்காலில் வைத்து இழுத்துப் பார்ப்பார். தையல் விட்டால் கழிவு. எனக்குக் கழிவு குறைவுதான், சும்மா சொல்லவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கவனமாகப் படித்து, கழுதைக்காரரை நிற்க வைத்துப் பதில் எழுதுங்கள்.

யுத்தத்துக்கு இரும்பு சேர்க்கிறார்கள். தெருத் தெருவாக லாரி வருகிறது. வாசல் கேட், ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில் எல்லாம் கழற்றிக் கொடுக்கிறார்கள். லாரியோடு வருகிற அதிகாரி தடிக் கண்ணாடி போட்ட ஆள், நல்ல மாதிரிதான் பேசுகிறார். நம் கம்பியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சினிமாக் கொட்டகைக்கே வந்து கேட்டார். "இது கட்டாயம் இல்லம்மா. ஆனா இரும்பு குடுத்த வீட்டு ஆளுங்களத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க. உங்க வீட்டுக்காரர் பேர நானே எழுதி அனுப்புறேன்" என்றார்.

எனக்கு அன்றைக்குப் பூராத் தையல் ஓடவில்லை. கம்பி போனால் கூரை போச்சு, இந்த விலையில் மறுபடி வாங்க முடியாது. ஆனால் நீங்கள் வந்தால்? கூரை இல்லாத வீட்டில் ஆளாவது இருக்கும். அந்த ஆள் சொல்வதை நம்பலாமா? உங்கள் மலையில் யாரையாவது அப்படி அனுப்பினார்களா? கொடுக்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தை எழுதினால் போதும். லாரி எங்கள் பக்கம் அடுத்த மாதம்தான் வருமாம், அதுவரை பொறுக்கிறேன்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
உங்கள் வாயாடி


ஏப்ரல் 27

என் வாயாடிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. கழுதைக்காரர் வழுக்கி விழுந்து கால் வீங்கி, இத்தனை நாள் அடிவாரக் கொட்டகையிலேயே படுத்துக் கிடந்தார். உன் கடிதமும் அவர் தலையணைக்கு அடியில் படுத்துக் கிடந்தது. கோபப்பட்டு என்ன செய்ய, அவர் காலைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கொடுக்காதே. ஒரே வார்த்தை கேட்டாய், இதோ. கொடுக்கவே கொடுக்காதே.

இங்கே இரும்பு கொடுத்த வீட்டு ஆள் என்று ஒருவனையும் அனுப்பவில்லை. அப்படி ஒரு பேச்சே கிடையாது. ஆனால் அதைவிட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. சுவரெல்லாம் எழுப்பியாகிவிட்டது, கூரை போடக் கம்பி இல்லை. கம்பி இல்லாமல் கூரை போட்டால் முதல் குண்டுக்கே உள்ளே இருப்பவன் தலையில் விழும், அது கேப்டனுக்கே தெரியும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். நேற்று எங்களைக் கூப்பிட்டு, "அடுத்த மாசக் கடைசிக்குள்ள கம்பி வரலேன்னா உங்க கோஷ்டிய வீட்டுக்கு அனுப்பிடுறேன். சும்மா வச்சு சோறு போட முடியாது" என்றார். கம்பி கட்டுகிற நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம், சிரிப்பைக் காட்டக் கூடாது என்று.

கம்பி வராது. நாடு பூரா இல்லை. ஜூன் முதல் வாரம் நான் நம் வீட்டில் நிற்பேன். இறங்கியதும் கூரைதான். சென்ட்ரிங் பலகைக்கு ஆள் சொல்லி வை. உன் அண்ணியிடம், குழாயைக் கேட்க வேண்டாம், என்னைக் கேட்கச் சொல்.

மூத்தவளுக்கும் சின்னவனுக்கும் முத்தம்.

உன் மேஸ்திரி


மே 7

என் வீட்டுக்காரருக்கு,

சுகம். உங்கள் கடிதம் வந்தது. நல்ல செய்தி. ரொம்பச் சந்தோஷம்.

கம்பிகள் பத்திரமாக இருக்கின்றன. சாக்கு போட்டு மூடியிருக்கிறேன்.

இந்தக் கழுதைக்காரர் ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அவரைத் திட்டிவிட்டேன். வாசலில் நின்று, நொண்டிக் காலோடு, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பாவம், டீ கொடுத்து அனுப்பினேன். நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு எனக்குத் தலைவலி.

கண்ணில் நூல் தூசி விழுந்திருக்கிறது, அதிகம் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூன் 5

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். கண் சரியாகிவிட்டதா?

நான் வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

போன மாதம் பாதியிலேயே கம்பி வந்துவிட்டது. கழுதை மேல் கட்டி இழுத்து வந்தார்கள். பாதி மலையிலிருந்து தோளில் தூக்கி நாங்களே உச்சிக்குக் கொண்டுவந்தோம். வாசல் கேட், பூ வேலை செய்த ஜன்னல் கம்பி, கட்டில் சட்டம், ஒரு ஊஞ்சல் சங்கிலி கூட. எல்லாவற்றுக்கும் அடியில் நேரான கம்பிகள் ஒரு கட்டு. ஒரே அளவு, இரண்டு பக்கமும் வளைவு, முனையில் பச்சை பெயின்ட். யாரோ ஒரு மேஸ்திரி ஆசையாக வெட்டி வைத்தது. நல்ல கை. பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

கேப்டன் டேப் வைத்து அளந்தார். எங்கள் அறையின் அகலத்துக்கு இந்தக் கம்பி எட்டாது. எட்டாதென்றால் வேண்டாம் என்று விடுவார் என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? "ரூம மாத்து" என்றார். பெரிய பீரங்கி வேண்டாமாம், சின்னது போதுமாம். கட்டி முடித்த சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர் எழுப்பி, கம்பி நீளத்துக்கு அறையைக் குறுக்கினோம். அகலம் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

கூரைக்கு இரண்டு வலை. கீழ் வலை அந்தப் பச்சை முனைக் கம்பி. மேல் வலை ஊராரின் கேட்டும் ஜன்னலும். ஒவ்வொரு முடிச்சையும் நானே கட்டினேன், வேறு யாரையும் தொட விடவில்லை.

நம் கூடத்தில் சாக்கு போட்டு மூடியிருக்கும் கம்பி நனையாமல் இருக்கிறதா? போய்ப் பார்த்து எழுது.

உன் மேஸ்திரி


ஜூன் 21

என் வீட்டுக்காரருக்கு,

எல்லோரும் சுகம். கண் சரியாகிவிட்டது. நீங்கள் வராதது பிள்ளைகளுக்கு வருத்தம். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள், முன் வரிசைப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விட்டதால். சின்னவனுக்கு முன்பல் விழுந்தது. அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீப்பெட்டியில் வைத்திருக்கிறான்.

சினிமாக் கொட்டகையில் பையின் அளவைச் சின்னதாக்கிவிட்டார்கள், சாக்கு பற்றவில்லை. அண்ணியின் தங்கை குடும்பம் எல்லைப் பக்கத்திலிருந்து கிளம்பி வரப்போவதாகத் தகவல். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இந்த வீட்டில் யாரும் ஒன்றும் பேசுவதில்லை.

காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சட்டை கிழிந்திருந்தால் அனுப்புங்கள், தைத்துக் கொடுக்கிறேன்.

உங்கள் வாயாடி


ஜூலை 9

என் வீட்டுக்காரிக்கு,

சுகம். வேலை நடக்கிறது. பல் கிடைத்தது. கழுதைக்காரர் அவசரப்படுகிறார்.

மேஸ்திரி


ஜூலை 23

என் வீட்டுக்காரருக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்க மாட்டேன். நீங்கள் சுகமில்லை என்று எனக்குத் தெரியும், நான் சுகமில்லை என்று உங்களுக்கும் தெரியும்.

கழுதைக்காரர் அவசரப்பட்டாராம்! யாருக்குக் காது குத்துகிறீர்கள்? அந்த மனுஷரைக் கேட்டேன். "அரை நாள் உக்காந்திருந்தேம்மா, மேஸ்திரி காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்தார்" என்றார். அரை நாள் உட்கார்ந்து அந்த ஒரு வரியா?

ஆமாம், கொடுத்தேன். நம் கூடத்துக் கம்பியைத்தான் கொடுத்தேன். அந்தப் பச்சை முனையை என்னைவிட நன்றாகத் தெரிந்த நீங்கள், "யாரோ ஒரு மேஸ்திரி" என்று எழுதி என்னைக் குத்தினீர்களே, அதற்கு நேராகத் திட்டியிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தும் என்னைத் திட்ட உங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் பதிலுக்காக மார்ச்சிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கழுதை தெரிகிறதா என்று அடுத்த வீட்டுக்காரர்களே என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். லாரி வந்து நின்றது. கண்ணாடிக்காரர், "இன்னைக்கு விட்டா இந்தப் பக்கம் இனி வர மாட்டோம்மா" என்றார். உங்கள் பேரை நான் சொல்லச் சொல்ல எழுதினார், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாரா என்று எட்டிப் பார்த்தேன். நானும் ஒரு பக்கம் பிடித்துத்தான் கம்பியை லாரியில் ஏற்றினேன். மறுநாள் உங்கள் கடிதம். "கொடுக்கவே கொடுக்காதே." அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். கழுதைக்காரர் வாசலில் டீக்குக் காத்திருந்தார்.

உங்களைக் கொண்டுவரக் கொடுத்த கம்பிதான் உங்களை அங்கேயே கட்டிப் போட்டது. அது எனக்குப் புரியாதா? தினமும் தைக்கிற ஒவ்வொரு பைக்கும் அதுதான் நினைப்பு. நீங்கள் வேறு எழுதிக் காட்ட வேண்டுமா?

ஆனால் ஒன்று. மறுபடியும் லாரி வந்து, உங்கள் பேரை எழுதுகிறேன் என்று சொன்னால், மறுபடியும் கொடுப்பேன். கம்பியைக் கட்டிக்கொண்டா நான் படுப்பேன்? திட்டுவதானால் நாலு பக்கம் திட்டி எழுதுங்கள். ஒரு வரி எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 11

என் வாயாடிக்கு,

நான் சுகமில்லை. நீயும் சுகமில்லை. பிள்ளைகளாவது சுகமா?

நீ கேட்டபடி திட்டுகிறேன். கம்பியைக் கொடுத்ததற்கு இல்லை. "சாக்கு போட்டு மூடியிருக்கிறேன்" என்று எழுதினாயே, அதற்கு. அந்தக் கட்டை அவிழ்த்து முதல் முனையைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவன், "என்ன மேஸ்திரி, பாம்பா?" என்று கேட்டான். உன்னிடமிருந்து உண்மை வரும் வரும் என்று பார்த்தேன். பல் விழுந்த கதை வந்தது. மூக்கு வரை கோபம். அதனால்தான் அரை நாள் உட்கார்ந்தும் எழுத வரவில்லை. திட்டியாகிவிட்டது. அவ்வளவுதான், எனக்கு நாலு பக்கமெல்லாம் வராது.

ஒன்றை மனதில் வைத்துக் குமையாதே. கம்பி வராவிட்டாலும் எங்களை விட்டிருக்க மாட்டார்கள். கேப்டன் சும்மா சொன்னார். கல் சுமக்க வைத்திருப்பார்கள், குழி வெட்ட வைத்திருப்பார்கள். நீ கொடுத்ததால் ஒன்றும் மாறவில்லை.

கூரை போட்ட கதையைச் சொல்கிறேன். கான்கிரீட்டை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் விரிசல் விடும், ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாதி மலையிலிருந்து உச்சி வரை வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றினோம். சமையல்காரரையும் நிற்க வைத்தோம். கேப்டனும் வந்து நின்றார், அன்றைக்கு மட்டும் "மாத்து" என்று சொல்லவில்லை. அப்புறம் காய்ந்துவிடாமல் நனைத்த பைகளைப் பரப்பினோம். எங்கள் குடிதண்ணீரைத்தான் அதற்கு ஊற்றினோம். உன் தையலா என்று ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாத் தையலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

போன வாரம் மழை. கொட்டு கொட்டென்று கொட்டியது. எங்கள் கூடாரங்கள் எல்லாம் மிதந்தன. கேப்டன் எல்லோரையும் பீரங்கி அறைக்குள் போகச் சொன்னார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நம் கூடம். அதே அகலம். உன் தையல் மெஷினை வைக்க வேண்டிய மூலையில் குண்டுப் பெட்டி, பிள்ளைகள் படுக்க வேண்டிய இடத்தில் பீரங்கிச் சக்கரம். முன்பின் தெரியாத ஆட்கள் நம் கூடத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே போ என்று கத்த வேண்டும் போல இருந்தது. நானும் அவர்களோடு நின்று தலை துவட்டினேன்.

கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். எதிரி இந்தப் பக்கம் வரப்போவதில்லையாம். ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போய்விட்டான். இந்தப் பீரங்கி ஒரு தடவைகூடச் சுடவில்லை, இனியும் சுடாது. அப்படியானால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டோம். மற்றவர்களில் பாதிப் பேரை அனுப்பினார்கள். நான் அடுத்த மலைக்கு. ஆற்றைப் பார்த்து அங்கே இன்னொன்று கட்ட வேண்டும். என்னை ஏன் விடவில்லை என்று கேப்டனைக் கேட்டேன். "ஒழுகாத கூரை போட்ட ஆள விட்டுட்டு நான் என்ன பண்றது மேஸ்திரி?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நம் கூரை என்றுதான் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். என் கையை நானே கடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

எப்போது விடுவார்கள் என்று கேட்காதே. தெரியவில்லை.

உன் மேஸ்திரி


ஆகஸ்ட் 29

என் வீட்டுக்காரருக்கு,

பிள்ளைகள் சுகம். நானும் பரவாயில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைக் கழுதைக்காரர் புது வாசலில் வந்து கொடுத்தார். அண்ணியின் தங்கை குடும்பம் வந்துவிட்டது. கைக்குழந்தையும் கையுமாக நின்றவர்களைப் பார்த்த பிறகு பின்னறையைப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. அண்ணி அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள். அன்றைக்கே கட்டிலையும் மெஷினையும் வண்டியில் போட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கூரை எங்கே என்று கேட்பீர்கள். சினிமாக் கொட்டகையில் கழிவுப் பை ஒரு மலை கிடந்தது. மேற்பார்வைக்காரம்மாவிடம் கேட்டேன். "கழிவு யாருக்கு வேணும், எடுத்துட்டுப் போ" என்றார். பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, தார் பூசி, கூடத்துக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறேன். அண்ணன் வந்து கயிறு போட்டான். உங்கள் மலைக்கு வர வேண்டிய சாக்கு இங்கே நம் தலைக்கு மேலே இருக்கிறது. காற்றடித்தால் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிறது. சின்னவனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒழுகாத கூரையில் யார் யாரோ தலை துவட்டட்டும். எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீருமென்றும் தோன்றவில்லை. அந்தக் கேப்டனை ஒரு நாள் பார்த்தால் "மாத்து" என்று ஒரே ஒரு தடவை நான் சொல்ல வேண்டும்.

கம்பி வராவிட்டாலும் விட்டிருக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களோடு இருந்த பாதிப் பேர் வீடு வந்து சேர்ந்தாயிற்று, அவர்களில் ஒருவர் கழுதைக்காரரோடு வந்து என்னையும் பார்த்துவிட்டுப் போனார். கேப்டன் சும்மா சொல்லவில்லை என்று அவர் சொன்னார். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. இருந்தாலும் சொல்லியிருக்கிறீர்கள். போகட்டும், நம்பிவிட்டேன்.

நேற்று இங்கே முதல் மழை. ஒழுகத்தான் செய்கிறது. தையல் ஓடிய இடமெல்லாம் சொட்டுகிறது. குடம், சட்டி, டம்ளர், சின்னவனுடைய தீப்பெட்டி வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டோம். கட்டிலை நாலு தடவை இடம் மாற்றினோம். கூடத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் நனையவில்லை, மேற்குச் சுவரை ஒட்டி, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு. பிள்ளைகளை அங்கே படுக்க வைக்கப் போனேன். மூத்தவள் விடவில்லை. உங்கள் பாயை எடுத்து அங்கே விரித்திருக்கிறாள்.

உங்கள் வாயாடி